ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியாத வேலை: என் இரட்சிப்பில் குறை வருமா?

கேட்டவர்: நாயுடுபுரம் அக்கா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொடைக்கானலில் நாயுடுபுரம் பக்கம் ஒரு காட்டேஜில் சமையல் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. குழந்தை ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் ஒரே ஆலயத்தில்தான் நடந்தது.

மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்களுக்கு வேலை நாள் என்றாலே சனியும் ஞாயிறும்தான். வெள்ளி ராத்திரி வத்தலக்குண்டு ரோட்டில் வண்டிகள் ஏற ஆரம்பித்தால் ஞாயிறு மத்தியானம் வரை அடுப்பு அணையாது. மலைக்கு வர இ-பாஸ் கட்டாயமான பிறகும் எங்கள் காட்டேஜில் வார இறுதிக்கு ஆள் குறையவில்லை. ஒன்பதரைக்கு ஆராதனை மணி அடிக்கும்போது நான் பொங்கலுக்கு மிளகு தாளித்துக்கொண்டிருப்பேன். பதினொரு மணிக்கு அறை காலி செய்கிறவர்களுக்கு வழிச்சாப்பாடும் கட்டித் தர வேண்டும். வீட்டுக்காரருக்கு இடுப்பு எலும்பு முறிந்த பிறகு இந்தச் சம்பளம்தான் வீட்டை ஓட்டுகிறது. ஞாயிறு லீவு கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. நீளமான கணக்கு நோட்டு. இடது பக்கம் எங்கள் பெயர்கள், மேலே வரிசையாகத் தலைப்புகள்: ஞாயிறு ஆராதனை, உபவாச ஜெபம், மனப்பாட வசனம், வாசித்த அதிகாரம், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை). செய்தவர்களுக்கு டிக், செய்யாதவர்களுக்குச் சிவப்புப் பேனாவில் கோடு. சமீபத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அதை எல்லாருக்கும் முன்னால் வாசித்தார்கள். என் பெயருக்கு நேராக ஞாயிறு கட்டம் முழுக்கச் சிவப்பு. நடத்துகிற அம்மா நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டி, “ஜீவபுஸ்தகத்திலயும் இப்படிக் கோடு விழாம பாத்துக்கம்மா” என்றார்கள். இரட்சிக்கப்பட்டவர்களின் பெயர் எழுதியிருக்கிற பரலோகப் புஸ்தகம் அது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மலையிறங்கி வந்து ராத்திரி முழுக்க என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் சொன்னதால்தான் அது உள்ளே போய்த் தைத்துவிட்டது.

வீட்டிலும் ஆளுக்கொரு கணக்கு. மாமியார் கத்தோலிக்கர், சலேத் மாதா கோயில் பங்கு. மகனுக்கு இடுப்பு சரியானால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்திருக்கிறார். கொழுந்தன் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காமல் பரலோகத்தை நினைக்காதீங்க அண்ணி என்கிறான்.

எபேசியர் 2:8, 9 எனக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்குக் கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், உண்டானதல்ல. அப்படியென்றால் அந்த நோட்டு எதற்கு? சரி, நோட்டு வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் யாக்கோபு 2:24 வந்து நிற்கிறது: விசுவாசத்தினாலே மாத்திரம் அல்ல, கிரியைகளினாலேயும்.

தயவுசெய்து, இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் கடைசி நேரத்தில் இரட்சிக்கப்பட்ட கள்ளனைச் சொல்லி ஆறுதல்படுத்த வேண்டாம். அவனுக்கு இறங்கி வந்து நல்லது செய்ய நேரமே இல்லை. எனக்கு நேரம் இருக்கிறது. நேரம் இருந்தும் அரைகுறையாகச் செய்கிறவளைத் தேவன் எப்படிப் பார்ப்பார் என்பதுதான் என் கேள்வி. வேதம் தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள்.


பதில்: கீழ்மலை உபதேசியார்

அம்மா, ஸ்தோத்திரம். பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துச் சபைகளில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். ஞாயிறு கட்டத்தில் விழுந்த சிவப்புக் கோட்டினால் உங்கள் இரட்சிப்பு போகாது. டிக் விழுந்திருந்தால் அதனால் வந்திருக்கவும் செய்யாது.

பவுலிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. பிலிப்பியர் 3ஐ எடுத்துப் பாருங்கள். எட்டாம் நாளில் விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கும் யூதச் சடங்கு), பென்யமீன் கோத்திரம், பரிசேயன், நியாயப்பிரமாணத்தின்படி குற்றஞ்சாட்டப்படாதவன் என்று ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டுக்கொண்டே வருகிறார். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லாத நோட்டு அது. எட்டாம் வசனத்தில் அதைக் குப்பை என்கிறார். தோற்றவன் சொன்ன பேச்சில்லை அம்மா இது, எல்லாக் கட்டத்திலும் ஜெயித்தவன் சொன்னது.

நிருபம் எழுதிய யாக்கோபுக்கு வருவோம். ரோமர் 4ல் பவுல் ஆபிரகாமைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். யாக்கோபும் அதே ஆபிரகாமைத்தான் கூப்பிடுகிறார். ஆனால் இரண்டு பேரும் அவருடைய வாழ்க்கையில் கைவைக்கிற இடம் வேறு. பவுல் நிற்பது ஆதியாகமம் 15:6ல். ஆபிராம் (ஆபிரகாமின் பழைய பெயர்) நட்சத்திரங்களைப் பார்க்கிறார், கர்த்தரை விசுவாசிக்கிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. கையில் அப்போது ஒரு கிரியையும் இல்லை. விருத்தசேதனம் வருவது 17ஆம் அதிகாரத்தில், அவருக்கு 99 வயதில். மூத்த மகன் இஸ்மவேல் பிறக்கும்போது அவருக்கு வயது 86 என்று 16ஆம் அதிகாரம் முடிகிறது. 15ஆம் அதிகாரம் அதற்கும் முன்னால். ஆக, நீதிமான் என்று எண்ணப்பட்டு 13 வருஷத்துக்கு மேல் கழிந்த பிறகுதான் அந்த அடையாளமே வருகிறது. பவுல் இதை விட்டுவிடவில்லை, விருத்தசேதனத்துக்கு முன்பா பின்பா என்று ரோமர் 4:10ல் கேட்டு நிறுத்துகிறார்.

யாக்கோபு நிற்பது ஆதியாகமம் 22ல். மகன் ஈசாக்கு வளர்ந்து விறகைச் சுமந்து மலையேறுகிற பையனாகிவிட்டான். தேவன் கேட்டபடி அவனையே பலியிட ஆபிரகாம் போகிறார். அந்த மலையில் ஆபிரகாம் புதிதாக ஒரு நீதியைச் சம்பாதிக்கவில்லை. 15ல் வந்த விசுவாசம் உயிரோடு இருக்கிறது என்பது அங்கே வெளியே தெரிகிறது. யாக்கோபு கண்டிப்பது, பசியோடு வந்தவனிடம் “சமாதானத்தோடே போங்கள்” என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவனை. 2:15, 16 படியுங்கள். வேலைக்குப் போய்க் குடும்பத்துக்குச் சோறு போடுகிறவளை அவர் அங்கே கண்டிக்கவில்லை.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கே இந்த நிருபம் இடறலாக இருந்தது. 1522ல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்று எழுதினார். எர்ஃபர்ட் மடத்தில் உபவாசம், விழிப்பு, பாவ அறிக்கை என்று தன்னை வதைத்தும் சமாதானம் கிடைக்காத மனிதர் அவர். ஆனால் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் சும்மா இருக்காது, நற்கிரியை செய்யலாமா என்று கேட்பதற்குள் அது செய்து முடித்திருக்கும் என்ற கருத்தை அவரே வைக்கிறார். யாக்கோபு சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே.

என் ஊழியத்தில் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். காப்பிப் பழம் பறிக்கிறவர். வாழ்நாள் முழுக்கக் குடி. கடைசியில் ஈரல் கெட்டுப் படுக்கையில் விழுந்துவிட்டார். நான் போய் லூக்கா 18 வாசித்தேன். பரிசேயன் வாரத்தில் இரண்டுதரம் உபவாசம், தசமபாகம் என்று தன் நோட்டை வாசிக்கிறான். வரி வசூலிக்கிற ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்கிறான். இவர் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, “நான் ஒண்ணுமே செய்யலையே ஐயா, எனக்கும் இது உண்டா?” என்றார். உண்டு என்றேன். மறுநாள் காலையில் தன் மகனைக் கூப்பிட்டு, கூட வேலை பார்த்த பெண் ஒருத்தியின் கூலிப் பணத்தை வாங்கிக் குடித்திருந்ததைச் சொல்லி, வீட்டு வாசலில் கட்டியிருந்த ஆட்டை விற்று அதைக் கொடுக்க வைத்தார். இதைச் செய் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அந்தக் கடன் இருந்ததே தெரியாது. அவர் இறந்தபோது சபையில் சிலர் சந்தா நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். பாக்கி நிறைய இருந்தது, கல்லறைத் தோட்டத்தில் இடம் தரலாமா என்று பேச்சு. ஆயர் அந்த நோட்டைத் திறக்கவேயில்லை. கொலோசெயர் 2:14ஐ வாசித்தார், நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தை, அதாவது கடன் சீட்டை, எடுத்துச் சிலுவையில் ஆணியடித்த வசனம். சாயங்காலமே அடக்க ஆராதனை நடந்தது.

மாதக் கடைசியில் முதலாளி உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார். அதை அவர் தருகிற பரிசு என்று நீங்கள் நினைப்பீர்களா? உழைத்தீர்கள், அது உங்களுக்குச் சேர வேண்டியது. ரோமர் 4:4 சொல்வது இதைத்தான்: கிரியை செய்கிறவனுக்கு வருவது கூலி, அது கடன். அடுத்த வசனத்தில் தேவன் பாவியை நீதிமானாக்குகிறவர் என்று இருக்கிறது. இரட்சிப்பு கூலியாக இருந்தால் உங்களுக்கு ஞாயிறு கட்டத்தில் குறைத்துத்தான் கொடுப்பார்கள். அது கூலி இல்லை அம்மா.


பதில்: தாண்டிக்குடி தம்பி

அக்கா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் பெந்தெகொஸ்தே சபை. ஐயா சொன்னதில் முக்கால்வாசிக்கு ஆமென். ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போனது போல இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு கேட்காது.

கிருபை, கிருபை என்று சொல்லியே சபைப் பக்கம் வராமல் போனவர்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். முதலில் வேலை என்பார்கள், அப்புறம் உடம்பு சரியில்லை என்பார்கள், கடைசியில் வேதம் பரணில் கிடக்கும். எபிரெயர் 10:25, சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடக் கூடாது. ரோமர் 6:1ல் பவுலே கேட்கிறார், கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா, கூடாதே என்கிறார். கூடுகைக்குப் போனால்தான் பரலோகம் என்று நான் சொல்லவில்லை. போகாமல் இருந்து இருந்து விசுவாசம் காய்ந்துபோகும் என்கிறேன். விசுவாசத்தினால்தான் இரட்சிப்பு என்றால், அந்த விசுவாசம் காயாமல் பார்க்க வேண்டாமா?

முழுக்கு விஷயத்தில் உங்கள் கொழுந்தன் பேசுவது எங்கள் சபைப் போதனையைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது. விசுவாசித்தவன் கீழ்ப்படிந்து எடுப்பதுதான் முழுக்கு ஞானஸ்நானம். தண்ணீரே இரட்சிக்கும் என்று எங்கள் பாஸ்டர் போதித்ததில்லை. நீங்கள் அதை எடுக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் பயத்தினால் எடுக்காதீர்கள்.


பதில்: செண்பகனூர் வாத்தியார்

வணக்கம் தங்கச்சி. நான் கத்தோலிக்கன், பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். உங்கள் மாமியார் சார்பில் பேச யாரும் இல்லாததால் எழுதுகிறேன்.

மற்ற சபை நண்பர்கள் பலர், கத்தோலிக்கர் நடந்தும் முழங்காலிட்டும் மீட்பைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். லூத்தர் 1517ல் எதிர்த்த பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தைப் பார்த்தால் அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. ஆனால் திருச்சபையின் போதனை அது இல்லை. 1547ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் நியாயப்படுத்தலைப் பற்றி எழுதிய விதிகளில் முதலாவதே, இறையருள் இல்லாமல் மனிதன் தன் சொந்தச் செயல்களால் கடவுள் முன் நீதிமான் ஆகலாம் என்று சொல்கிறவனைக் கண்டிக்கிறது. நம்பிக்கை மட்டும் போதும் என்பதை அதே சங்கம் ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தச் சண்டை நானூறு வருடத்துக்கு மேல் நீடித்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் அவுக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம் தகுதி எதனாலும் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் நம்பிக்கையில் நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், தூய ஆவி நம் உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். மெதடிஸ்ட் உலக மன்றம் 2006ல் சேர்ந்தது. ஆங்கிலிகன் ஆலோசனை மன்றம் 2016லும் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017லும் அதை ஏற்றன. உங்கள் சி.எஸ்.ஐ. 1947ல் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்று மூன்றும் கூடி உருவானது. ஆக, உங்கள் சபையின் வேர்களும் மாமியாரின் சபையும் இந்த அடிப்படையில் ஒத்துப்போகின்றன. எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் இதில் ஒத்துப்போகின்றன.

மாமியார் வேளாங்கண்ணிக்கு நடப்பதை விலை கொடுப்பதாகப் பார்க்காதீர்கள். நானும் கால் கொப்புளம் வர நடந்தவன்தான். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் தாய்க்குச் சும்மா உட்கார முடியாது, அதுதான் அங்கே நடக்கிறது. இதை அவரிடமே கேட்டுப் பாருங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அப்புறம் ஞாயிறு பற்றி ஒரு வரலாற்றுச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை சட்டப்படி ஓய்வு நாளானது கி.பி. 321ல், கான்ஸ்டன்டைன் பேரரசர் ஆணையால்தான். அதற்கு முன் முந்நூறு வருடம் அது சாதாரண வேலை நாள். கிறிஸ்தவர்களில் அடிமைகள் நிறையப் பேர், அவர்களுக்கு லீவு கொடுக்க யார் இருந்தார்கள்? ரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, 112ஆம் ஆண்டு வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். விடிந்தால் வேலைக்குப் போயாக வேண்டும். நீங்கள் அடுப்பு மூட்டுகிற அந்த நேரத்தில்தான் அவர்கள் கூடியிருக்கிறார்கள். தாண்டிக்குடித் தம்பி சொன்ன கவலை எனக்கும் உண்டு, ஆனால் அதற்கு வழி நேரத்தை மாற்றுவது. எங்கள் கோயிலில் சனி மாலைத் திருப்பலி பார்த்தாலே ஞாயிறு கடமை நிறைவேறியதாகத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஆயரிடம் வேலை நாளில் ஒரு கூடுகை கேட்டுப் பாருங்கள். நாயுடுபுரம், அப்சர்வேட்டரிப் பக்கம் லாட்ஜிலும் காட்டேஜிலும் வேலை பார்க்கிற எத்தனை பேர் உங்களைப் போலவே இருப்பார்கள்!


பதில்: நாயுடுபுரம் அக்கா

உபதேசியார் ஐயா, வாத்தியார் ஐயா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. மத்தியானப் பாத்திரம் கழுவி முடித்ததும் ஆதியாகமம் 15, 16, 17, 22 நான்கையும் ஒரே மூச்சில் வாசித்தேன். இத்தனை வருஷம் ரோமரைத் தனியாக, யாக்கோபைத் தனியாக வாசித்துவிட்டு இரண்டும் சண்டை போடுகிறது என்று பயந்திருந்தேன்.

தம்பி, நீங்கள் சொன்னது எனக்குக் கோபம் இல்லை. விசுவாசம் காய்ந்துபோகும் என்பது உண்மை. கூடிப் பாடாத வாரங்களில் எனக்கே தெரிகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். வாடிப்போனவளைச் சபைக்கு வா, உனக்கு நல்லது என்று கூப்பிடுவது வேறு. வராவிட்டால் உன் பெயர் அடிபடும் என்று மிரட்டுவது வேறு. முதலாவது சொன்னால் ஓடி வருவேன். இரண்டாவது சொன்னபோது எனக்கு ஜெபிக்கவே வாய் வரவில்லை. டிக் வாங்கத்தான் முழங்கால் போடுகிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

மாமியாரிடம் கேட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், பூம்பாறையில் இருந்து வந்த மலைப்பூண்டு. மாதாவுக்குக் கூலி கொடுக்கவா நடக்கிறீங்க என்றேன். நிமிர்ந்து பார்த்து, “அவன் இடுப்பு சரியாகலைன்னாலும் நடப்பேன்டி. இத்தனை வருஷம் சோறு போட்டவர் ஆண்டவரு” என்றார். எங்கள் சபையில் கேட்ட பல பிரசங்கங்களில் கிருபை இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. மாதாவிடம் வேண்டுவதில் எனக்கும் அவருக்கும் இன்னும் வித்தியாசம் உண்டு, அது அப்படியே இருக்கிறது.

ஆயரிடம் பேசிவிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் திருவிருந்தோடு ஒரு ஆராதனை வைக்கலாம் என்கிறார், வருகிறவர்களைச் சேர்த்துச் சொல்லச் சொன்னார். ரூம் பையன்கள், டாக்சி ஓட்டுகிறவர்கள், சாக்லேட் கடையில் நிற்கிற பெண் என்று ஒவ்வொருவராகக் கேட்டு வருகிறேன். அவர்கள் பெயரை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

அடுத்த பெண்கள் கூட்டத்தில் வேதபாடம் எடுக்க ஆள் இல்லை என்றார்கள், நான் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நோட்டு வைத்திருக்கிற அம்மாவும் சரி என்று சம்மதித்தார்கள். ரோமர் 4தான் எடுக்கப் போகிறேன். உபதேசியார் ஐயா, எந்த வசனத்தில் தொடங்கினால் எல்லாருக்கும் பிடிபடும்?


பதில்: கீழ்மலை உபதேசியார்

நான்காம் அதிகாரத்தில் தொடங்காதீர்கள் அம்மா. 3:27ல் இருந்து வாசிக்கச் சொல்லுங்கள். மேன்மைபாராட்டல் எங்கே, அது நீக்கப்பட்டதே என்று வரும். அதை வாசித்துவிட்டு ஆபிரகாமுக்குப் போனால் அவர் ஏன் வருகிறார் என்று தானாகப் புரியும். வயதுக் கணக்கை, 86, 99, ஒரு தாளில் பெரிதாக எழுதி எடுத்துப் போங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். முடிந்தால் அந்த அம்மாவையே 4:5ஐச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.